தொப்புளில் ஒரு முடிச்சு

ஸ்கேன் ரிப்போர்ட்டின் கடைசி வரியில் இன்று அந்தப் பெயரைப் பார்த்தேன்: சிஸ்டர் மேரி ஜோசப் நாட்யூல். வயிற்றுக்குள் இருக்கும் புற்றுநோய் பரவித் தொப்புளில் உண்டாகும் கெட்டியான முடிச்சு அது.

சிஸ்டர் மேரி ஜோசப் டாக்டர் இல்லை. நர்ஸ், பிரான்சிஸ்கன் கன்னியாஸ்திரி.

அமெரிக்காவின் மினசோட்டாவில், ராச்செஸ்டர் நகரின் செயின்ட் மேரிஸ் மருத்துவமனையை 1892 முதல் 1939-இல் இறக்கும்வரை நடத்தியவர். அதில் 1915 வரை டாக்டர் வில்லியம் மேயோவுக்கு ஆபரேஷன் தியேட்டரில் முதல் உதவியாளரும் அவரேதான். 1906-இல் நர்ஸிங் பள்ளியும் தொடங்கினார். எப்படித்தான் முடிந்ததோ!

ஆபரேஷனுக்கு முன் நோயாளியின் வயிற்றைத் தேய்த்துக் கழுவும்போது கவனித்தார். தொப்புளில் கெட்டியாக முடிச்சு தட்டுப்பட்டால், வயிற்றைத் திறக்கும்போது உள்ளே புற்றுநோய் பரவியிருக்கிறது. மேயோவிடம் சொன்னார். மேயோ 1928-இல் அதை எழுதினார். 1949-இல் ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஹாமில்டன் பெய்லி சிஸ்டரின் பெயரையே அதற்கு வைத்தார்.

தினமும் செய்கிற வேலையில் இத்தனை கவனம் வைத்த கை அது.

இன்றும் இந்த முடிச்சைக் குடலிறக்கம் என்று நினைத்துவிடுகிறார்கள். குடலிறக்கம் இருமினால் புடைக்கும், படுத்து அழுத்தினால் பெரும்பாலும் உள்ளே போகும். இது கல் மாதிரி நிற்கும், உள்ளே போகாது. சிலருக்குப் புண்ணாகி நீர் கசியும்.

மரு என்று சுட்டுவிடாதீர்கள். ஊசியால் செல் எடுத்துப் பரிசோதியுங்கள். புற்று எங்கே தொடங்கியது என்று தேட, பெண்களுக்குச் சினைப்பையையும், ஆண்களுக்கு இரைப்பை, குடலையும் முதலில் பாருங்கள்.