ஊசி புதுசு, சிரிஞ்ச் யாரோடது?

ஒரு திங்கள் சாயங்காலம் உதட்டுக்கு ஃபில்லர், அதாவது உதட்டைப் பருமனாக்க ஊசியில் ஏற்றும் ஜெல், போட்டுக்கொள்ளப் போனேன். அங்கிருந்த பெண் குளிர்பெட்டியிலிருந்து பாதி காலியான ஒரு சிரிஞ்சை எடுத்து, "இன்னொருத்தருக்குப் போட்டதுல மிச்சம், ஊசியைப் புதுசா மாத்திடுறேன், பாதிக் காசு போதும்" என்றார். புது ஊசியின் உறையை என் கண் முன்னால்தான் பிரித்தார். அதைப் பார்த்ததும் சரி என்று உட்கார்ந்துவிட்டேன்.

புதன் ராத்திரி, நர்ஸாக இருக்கும் தோழியிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். "ஊசி புதுசு சரிடி, சிரிஞ்ச் யாரோடது?" என்று பதறிவிட்டாள். ஊசி முனை ரத்தக்குழாய்க்குள் போய்விட்டதா என்று பார்க்கச் சிலர் பிஸ்டனை லேசாகப் பின்னுக்கு இழுப்பார்கள், அப்போது கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் ஏறினாலே அது ஜெல்லோடு கலந்து அடுத்தவர் உடம்புக்குப் போய்விடும். எச்ஐவி, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, சி மூன்றும் இப்படிப் பரவக்கூடியவை. அதனால்தான் ஒரு சிரிஞ்ச் ஒருவருக்கு மட்டும், மிச்சம் குப்பைக்கு.

வியாழன் காலையே மருத்துவமனைக்கு ஓடினேன். டாக்டர் முதலில் கேட்டதே "எத்தனை மணி நேரம் ஆச்சு?" என்பதுதான். எச்ஐவி தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், எனக்கு அப்போதே 62 தாண்டியிருந்தது. அங்கேயே முதல் மாத்திரை, அப்புறம் 28 நாள், ஒரு வேளைகூடத் தவறாமல். முதல் வாரம் முழுக்கக் குமட்டல். ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசியும் அன்றே தொடங்கினார்கள். சி-க்குத் தடுப்பூசியே கிடையாது, காத்திருந்து பரிசோதிக்கத்தான் வேண்டும், வந்தாலும் சில மாத மாத்திரையில் பெரும்பாலும் குணமாகிவிடும் என்றார்.

அன்று எடுத்த ரத்தத்தில் எதுவும் இல்லை என்று வந்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது, அப்பாடா என்று. டாக்டர் பொறுமையாக விளக்கினார்: இது ஊசி போடுவதற்கு முன்னால் உங்களுக்கு எதுவும் இல்லை என்பதற்கான சாட்சி மட்டும், புதிதாகத் தொற்றியிருந்தால் தெரிய வாரக்கணக்கில் ஆகும். ஆறாவது வாரம், மூன்றாவது மாதம், ஆறாவது மாதம் என்று போய்ப் போய் ரத்தம் கொடுத்தேன். கடைசி ரிப்போர்ட்டும் சுத்தமாக வந்தது.

ஆனால் அந்த ஆறு மாதமும் என் மனதில் ஓடியது வேறு ஒரு காட்சி. எனக்குப் போட்டு முடித்ததும் சிரிஞ்சில் இன்னும் கொஞ்சம் ஜெல் இருந்தது, அவர் மூடியைப் போட்டுத் திரும்பக் குளிர்பெட்டியில் வைத்தார். வியாழக்கிழமையே ஃபோன் செய்து அதைத் தூக்கிப் போடச் சொன்னேன். "இதுவரைக்கும் யாருக்கும் ஒண்ணும் ஆனதில்லையே" என்றார். சுகாதாரத் துறைக்கு எழுத்தில் புகார் கொடுத்தேன். எனக்கு முன்னால் அதே சிரிஞ்சில் போட்டுக்கொண்டவர் யாரென்று எனக்குத் தெரியாது. எனக்குப் பின்னால் யாராவது இருந்தால், அவருக்கும் அந்த 72 மணி நேரம் ஓடிக்கொண்டிருந்திருக்கும்.