நெற்றியில் மூன்று துளி

பச்சிளங்குழந்தைகள் பிரிவில் தண்ணீரைக் கண்டால் செவிலியர்களான எங்களுக்குப் பயம். கை கழுவும் தொட்டியின் ஓரத்தில் ஈரம் நிற்கக் கூடாது. ஆக்சிஜனுக்கு ஈரப்பதம் சேர்க்கும் குப்பியில் குழாய்த் தண்ணீர் படக் கூடாது. கிருமி நீக்கிய நீர்தான், அதையும் தினமும் கொட்டிவிட்டு மாற்ற வேண்டும். 900 கிராம் எடையில் பிறந்த பிள்ளையைக் கொண்டுபோகத் தேங்கிய நீரில் வளரும் ஒரு கிருமி போதும். சேனை தொட்டு வைக்கச் சர்க்கரைத் தண்ணீரும் கையுமாக வாசலில் நிற்கும் பாட்டிகளைச் சமாதானம் சொல்லித் திருப்பி அனுப்புவது எங்கள் அன்றாட வேலை. இருபது ஆண்டுகளுக்கு மேல் அதைச் செய்திருக்கிறேன். ஆனால் நான் இந்த வேலைக்கு வந்ததே தண்ணீரை நம்பித்தான்.

எங்கள் ஊர் தூத்துக்குடிக்குத் தெற்கே, முத்துக்குளித்துறைக் கடற்கரையில் இருக்கிறது. 1542-இல், வேதம் போதிக்க வந்த புனித சவேரியார் கால் வைத்த கரை. எனக்கு எட்டு வயதானபோது ஒரு தம்பி பிறந்தான். எட்டாம் மாதத்திலேயே வந்துவிட்டான். இரவு நேரம். அப்பா கடலில் இருந்தார். பக்கத்து ஊரிலிருந்து வந்த மருத்துவச்சி கிறிஸ்தவர் அல்லர். அம்மாவைப் பார்ப்பதா, பிள்ளையைப் பார்ப்பதா என்று பாட்டி தவித்ததில் ஞானஸ்நானம் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. விடிவதற்குள் தம்பி அடங்கிவிட்டான்.

அவனைக் கல்லறைத் தோட்டத்துச் சுற்றுச்சுவருக்கு வெளியே, ஓர் உடைமரத்தின் அருகில் புதைத்தார்கள். மந்திரித்த மண் சுவருக்கு உள்ளேதான். பூசை இல்லை, சிலுவையும் நடவில்லை. பெரியப்பா மண்ணைத் தள்ளிவிட்டு, நாய் தோண்டாமல் இருக்க மேலே முள்ளை வெட்டிப் போட்டார். அந்த முள் காய்ந்து பழுப்பாகும்வரை நான் தினமும் போய்ப் பார்த்தேன்.

ஞாயிறு பூசை முடிந்ததும் எங்களுக்கு ஞானோபதேச வகுப்பு நடக்கும். கேள்வியும் பதிலுமாக மனப்பாடம் செய்ய வேண்டும். ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் குழந்தைகள் லிம்போ என்ற இடத்துக்குப் போகும் என்று உபதேசியார் சொன்னார். அங்கே வேதனை கிடையாது. ஆனால் கடவுளுடைய தரிசனமும் கிடையாது. நான் எழுந்து, "அங்கே பிள்ளைகளை யார் தூக்கி வைத்துக்கொள்வார்கள்?" என்று கேட்டேன். உபதேசியார் நல்ல மனிதர். என் வீட்டில் நடந்தது அவருக்குத் தெரியும். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எல்லாரையும் எழுந்து நின்று, "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" சொல்லச் சொன்னார்.

அன்றிலிருந்து மோட்சத்துக்கும் ஒரு சுற்றுச்சுவர் இருப்பதாகவே என் மனத்தில் பதிந்துவிட்டது. அம்மா உள்ளே போவார், அப்பா போவார், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தை ஒழுங்காகச் செய்தால் நானும் போவேன். அவன் மட்டும் வெளியே, உடைமரத்தடியில். எல்லாம் வல்ல கடவுளுக்கு அந்தச் சுவரைத் தாண்டத் தெரியாதா என்ற கேள்வியும் கூடவே முளைத்தது. அப்படிக் கேட்பதே பாவம் என்று பயந்து, அதைப் பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லாமல் மறைத்தேன். மறைத்தது இன்னொரு பாவமாயிற்றே என்று அதற்கும் பயந்தேன். அம்மாவிடம் கேட்டால் அழுவார் என்று கேட்கவில்லை.

அதே வகுப்பில் இன்னும் இரண்டு விஷயங்கள் சொல்லிக்கொடுத்தார்கள். ஒன்று, ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துத் தம் கை ஓய்ந்துபோவதாகச் சவேரியார் நம் கரையைப் பற்றிக் கடிதத்தில் எழுதினார் என்பது. மற்றொன்று, சாவு நெருங்கிய வேளையில் சாமியார் வரக் காத்திருக்க வேண்டாம், யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது. தலையில் தண்ணீர் ஓட வேண்டும், வார்த்தை பிசகக் கூடாது. அவ்வளவுதான். அந்த வார்த்தைகளைக் கிணற்றடியில் குளிக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். இனி ஒரு பிள்ளை என் கண்முன்னால் அப்படிப் போகக் கூடாது என்று தீர்மானித்துக்கொண்டேன். நான் செவிலியர் படிப்பில் சேர்ந்தபோது, சேவை மனப்பான்மை என்று நேர்காணலில் சொன்னேன். அதுவும் பொய்யில்லை. ஆனால் அடியில் இருந்தது அந்தக் கிணற்றடித் தீர்மானம்.

வேலைக்குச் சேர்ந்த ஐந்தாவது ஆண்டு, ஓர் அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டில் இரவு டியூட்டி. ஏழாம் மாதத்தில் வலி கண்டு, இரத்தப்போக்கோடு ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். அவசரமாக சிசேரியன். எடுத்த பிள்ளை என் உள்ளங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே அடங்கியது. தோல் ஈரக் காகிதம்போல் மெல்லியதாக இருந்தது. துடைத்தோம், சூடு காட்டினோம், ஆம்பு பையை அழுத்தி மூச்சுக் கொடுத்தோம். வென்டிலேட்டர் அன்று அங்கே இல்லை. நெஞ்சு எழும்பும், நிற்கும், நெடுநேரம் கழித்து ஒருமுறை ஏங்கும். டாக்டர் தாயின் இரத்தப்போக்கை நிறுத்தப் போராடிக்கொண்டிருந்தார். பிள்ளையோடு நான் மட்டும் இருந்தேன்.

ஊசி மருந்து கலக்கும் நீர் ஆம்பியூல் ஒன்று தட்டில் இருந்தது. அதை உடைத்து சிரிஞ்சில் ஏற்றினேன். சில்லென்று படக் கூடாதே என்று உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கினேன். நெற்றியில் மூன்று துளி விட்டேன். துளி புருவத்தில் தங்கி, காதுப் பக்கமாக வழிந்தது. கிணற்றடியில் பழகிய வார்த்தைகள் பிசகாமல் வந்தன. ஒரு பெயரும் வைத்தேன். தம்பி பிழைத்திருந்தால் அவனுக்கு வைப்பதாக இருந்த புனிதரின் பெயர். இருபது நிமிடத்தில் பிள்ளை இறந்தது. பஞ்சால் நெற்றியைத் துடைத்தேன். அன்று இரவு என் மனத்தில் இருந்தது நிம்மதி. அதை இப்போது எழுதக் கை கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை.

மறுநாள் மாலை அந்தத் தாய் கண் விழித்திருந்தார். "பிள்ளை முகத்தை நான் பார்க்கவே இல்லையே, சிஸ்டர். நீங்கள்தான் கடைசிவரை வைத்திருந்தீர்களாமே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமாகி ஒன்பது ஆண்டு பிள்ளையில்லாமல் இருந்து, திருச்செந்தூரில் வேண்டிக்கொண்டு உண்டான பிள்ளை. ஆணானால் முருகன் பெயர் என்று முடிவுசெய்து, ஐந்தாம் மாதத்திலிருந்தே வயிற்றைத் தடவி அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டாராம். "அந்தப் பெயரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் அவனுக்குத் தெரிந்திருக்கும்" என்றார்.

என் வாய் எழவில்லை. அவன் காதுப் பக்கமாகவே குனிந்து இன்னொரு பெயரைச் சொன்னவள் நான். அவனுக்குத் தெரிந்த ஒரே பெயர் அவனுடைய அம்மா வைத்தது. எட்டு வயதில் எனக்குள் புகுந்த பயத்தைத் தீர்த்துக்கொள்ள, இன்னொருத்தியின் பிள்ளையை அவளுக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டேன். அந்தக் கட்டிலருகே நின்றபோது இது எனக்கு விளங்கிவிட்டது. அவரிடம் சொல்லவில்லை. தையல்கூட ஆறாத வயிற்றோடு கிடந்தவரிடம் சொல்லி என் பாரத்தை இறக்கிக்கொள்வது இன்னொரு திருட்டாக இருக்கும் என்று பட்டது. சரியாகத்தான் நினைத்தேனா என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சாகும் நிலையில் உள்ள குழந்தைக்குப் பெற்றோர் சம்மதம் இல்லாமலும் ஞானஸ்நானம் கொடுக்கத் திருச்சபைச் சட்டம் இடம் தருகிறது, உன்மேல் குற்றமில்லை என்றார் சாமியார். 1983-இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பில் அது அப்படித்தான் இருக்கிறது. பிறகு நானே வாசித்துப் பார்த்தேன். சட்டம் என்னைத் தண்டிக்கவில்லை. அந்தத் தாயின் கை என் கையைப் பிடித்திருந்ததை அந்தச் சட்டம் அறியாது.

அதற்குப் பிறகு ஒருபோதும் அப்படிச் செய்யவில்லை. கேட்கத் தொடங்கினேன். பிள்ளை நிற்காது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனதும், பெற்றவர்களிடம் போய், "உங்கள் வழக்கப்படி பிள்ளைக்குச் செய்ய வேண்டியது ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்பேன். கேட்கும் வேளை மிகக் கடினமானது. சிலர் அந்தக் கேள்வியில்தான் பிள்ளை போகப்போகிறது என்பதையே புரிந்துகொண்டார்கள். ஒரு தகப்பனார் என்மேல் சத்தம் போட்டுவிட்டு, அரை மணி கழித்துத் திரும்பி வந்தார். அவர் முஸ்லிம். முழங்கைவரை கழுவச் சொல்லி உள்ளே அழைத்துப்போனேன். இன்குபேட்டரின் கைத்துளை அருகே குனிந்து வலது காதுக்குத் தொழுகை அழைப்பான பாங்கும், இடது காதுக்குத் தொழுகை தொடங்கும்போது சொல்லும் இகாமத்தும் மெல்லச் சொன்னார். அதுவரை மானிட்டரின் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, திரையில் இருந்து கண்ணை எடுக்காமல் நின்றேன்.

ஒரு பாட்டி முந்தானையில் முடிந்து வைத்திருந்த திருநீற்றைக் கொடுத்தார். உள்ளே பொடி ஆகாது. கட்டிலின் வெளிப்பக்கம் பூசினோம். பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்த ஒரு தாய், "ஞானஸ்நானம் வேண்டாம் சிஸ்டர், அது அவனே வளர்ந்து, விசுவாசித்து எடுக்க வேண்டியது. ஜெபம் மட்டும் பண்ணுங்கள்" என்றார். நான் அசந்து நின்றுவிட்டேன். நான் எதை இல்லாமல் பிள்ளை கெட்டுப்போகும் என்று நடுங்கினேனோ, அதே இயேசுவை நம்பும் ஒருத்தி அதை வேண்டாம் என்கிறாள். பிள்ளையைப் பற்றித் துளிப் பயமும் அவளிடம் இல்லை. கத்தோலிக்கப் பெற்றோர் கேட்டுக்கொண்டபோது நானே கொடுத்திருக்கிறேன். அப்போது பெயரை அவர்கள் வாயால் சொல்லச் சொல்வேன்.

2007-ஆம் ஆண்டு ஓர் இரவு டியூட்டியில், கத்தோலிக்க வார இதழ் ஒன்றில் அந்தச் செய்தியைப் படித்தேன். ஞானஸ்நானமின்றி இறக்கும் குழந்தைகள் மீட்புப் பெறுவார்கள் என்று நம்ப உறுதியான காரணங்கள் இருப்பதாக, வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் குழு ஓர் ஆவணம் வெளியிட்டிருந்தது. லிம்போ என்பது ஒருபோதும் விசுவாசக் கோட்பாடாக வரையறுக்கப்பட்டதில்லை என்பதும் அதில் இருந்தது. கத்தோலிக்கத் திருச்சபையின் 1992-ஆம் ஆண்டு மறைக்கல்வி ஏடே இக்குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்திடம் ஒப்படைப்பதாகச் சொல்லி, லிம்போவின் பெயரையே எடுக்காமல் விட்டிருந்தது. எங்களை அத்தனை இரவுகள் அழவைத்தது ஒரு கருத்துத்தான். கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. மூன்றாம் கட்டில் பிள்ளைக்குப் பால் கொடுக்கும் நேரமாகிவிட்டது, எழுந்து போனேன்.

அந்தப் பக்கத்தைக் கிழித்து ஊருக்கு எடுத்துப்போய் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நாங்கள் அவனைப் பற்றிப் பேசியதே இல்லை. அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தவர், கையை நிறுத்தாமல் கேட்டார்.

"இதற்காகவா இத்தனை வருடம் மனத்துக்குள் வைத்துக்கொண்டிருந்தாய்?" என்றார். "எட்டு மாதம் என்னோடு சேர்ந்து செபமாலை சொன்ன பிள்ளை அவன். வேறு எங்கே போவான்?"

கல்லறைத் தோட்டத்தைப் பின்னர் அகலப்படுத்தினார்கள். பழைய சுவரை இடித்து, இருபதடி தள்ளிப் புதிதாகக் கட்டினார்கள். உடைமரத்தையும் வெட்டிவிட்டார்கள். அவன் எந்த இடத்தில் கிடக்கிறான் என்று சரியாகச் சொல்ல இப்போது ஆள் இல்லை. கல்லறைத் திருநாளன்று அம்மா உத்தேசமாக ஓர் இடத்தில் மெழுகுவத்தியைக் குத்திவைப்பார். காற்று அணைக்காமல் இருக்க நான் கையைக் குவித்துப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். போன வருடம் இரண்டாவது மெழுகுவத்தி ஒன்றை அதன் அருகில் ஏற்றினேன். யாருக்கு என்று அம்மா கேட்டார். சொன்னேன். அந்தத் தாய் அவனைக் கூப்பிட்ட பெயரை அம்மா ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, இரண்டுக்கும் நடுவே மணலை ஒதுக்கி வைத்தார்.