மூவாயிரம் ரூபாயில் ஒரு சுவர்: இலவசப் படங்களை அச்சிட்டு வீட்டை அலங்கரித்த அனுபவம்

திருச்சியில் நாங்கள் குடிவந்த வாடகை வீட்டின் கூடத்தில் பதினான்கு அடி நீளத்துக்கு ஒரு வெள்ளைச் சுவர் இருக்கிறது. ஜன்னல் கிடையாது, அலமாரி கிடையாது. முன்பு குடியிருந்தவர்கள் அடித்த இரண்டு ஆணிகள் மட்டும் மிச்சம். கடைகளில் சட்டம் போட்டு விற்கும் படங்களை விசாரித்தபோது, மூன்று படங்கள் கொண்ட தொகுப்பே 4,000 ரூபாயைத் தாண்டியது. அதிலும் எந்த ஊர் என்று சொல்ல முடியாத ஒரு தெரு, ஒரு குடை, ஒரு சைக்கிள். அந்தப் படங்களோடு எனக்கு எந்த உறவும் ஏற்படவில்லை. மொத்தச் செலவு 3,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், படங்கள் நமக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று முடிவுசெய்து, இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவற்றை அச்சிட்டே சுவரை நிரப்பினேன். அதை எப்படிச் செய்தேன் என்பதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

‘இலவசமாக அச்சிட’ என்று தேடினால் ஆயிரக்கணக்கான படங்கள் வந்து விழும். பெரும்பாலும் பொன்மொழிகள், இலை வரைந்த அட்டைகள். பல தளங்கள் மின்னஞ்சல் முகவரியைக் கேட்கும். கொடுத்த பிறகு வரும் கோப்பு உள்ளங்கை அளவுக்கு மேல் அச்சிட்டால் மங்கிப்போகும். ‘சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்ற நிபந்தனையும் சிறிய எழுத்தில் இருக்கும். இவற்றில் நேரத்தைச் செலவிடுவதைவிட நேரே பெரிய அருங்காட்சியகங்களின் தளங்களுக்குப் போவதே மேல். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், தன்னிடமுள்ள காப்புரிமை முடிந்த படைப்புகளின் படங்களை 2017 பிப்ரவரியில் எவரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. சிகாகோ கலைக்கூடம் 2018இல் அதைச் செய்தது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்கள் 2020இல் 28 லட்சம் படங்களை வெளியிட்டன. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் இவர்களுக்கெல்லாம் முன்னோடி. படத்தின் பக்கத்தில் ‘சிசி ஸீரோ’ (CC0) அல்லது ‘பப்ளிக் டொமைன்’, அதாவது யாருடைய காப்புரிமையும் இல்லை என்ற குறிப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். நம் நாட்டுச் சட்டப்படி ஓவியர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் காப்புரிமை உண்டு. அதனால் 1906இல் மறைந்த ரவி வர்மாவின் படங்களைத் தயங்காமல் அச்சிடலாம். இன்று கோலமும் தஞ்சாவூர் ஓவியமும் வரைந்து இணையத்தில் போடும் கலைஞர்களின் படங்களை எடுப்பது வேறு விஷயம். அது அவர்களுடைய பிழைப்பு.

ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் ‘பேரலை’ படம் எனக்கும் பிடிக்கும். ஆனால் அதைத் தேடிப் போன வழியில் கிடைத்த வேறொன்றில் மனம் நின்றுவிட்டது. ‘பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி’ என்ற இணைய நூலகத்தில் பழைய தாவரவியல், விலங்கியல் நூல்களை முழுக்க ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். அங்கே ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவரின் ‘ஐகோனஸ் பிளாண்டாரம் இந்தியே ஓரியண்டாலிஸ்’ இருக்கிறது. 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாகச் சென்னையில் அச்சானது; மொத்தம் 2,101 படங்கள். முக்கியமாக வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு தென்னிந்திய ஓவியர்கள். முந்தைய படங்கள் ரங்கையாவுடையவை, பிந்தையவை கோவிந்துவுடையவை. பல படங்களின் கீழ்மூலையில் வரைந்தவரின் பெயர் சிறிய ஆங்கில எழுத்தில் இருக்கிறது. கோவிந்துவின் பெயரால் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே ‘கோவிந்தூயியா’ என்று வைட் பெயரிட்டார். இவ்வளவு வரைந்த இருவரைப் பற்றியும் நமக்குத் தெரிந்தது மிகக் குறைவு. அவர்கள் வரைந்த மூலப்படங்களில் பெருந்தொகை எடின்பரோ தாவரவியல் பூங்காவில் இருக்கிறது. நம் ஊர்ச் செடிகளை நம் ஊர்க்காரர்கள் வரைந்த படங்கள் நம் வீட்டுச் சுவருக்கு வருவதைத் தடுப்பது இப்போது எதுவும் இல்லை. அதை நினைத்தபோது எனக்கு உண்மையாகவே உடல் சிலிர்த்தது.

வைட்டின் நூலிலிருந்து ஆறு படங்களை எடுத்துக்கொண்டேன். முதலில் எடுத்தது செங்காந்தள். இலை நுனி சுருண்டு பற்றுக்கொடியாகும் இடத்தில் கோடு எப்படி மெலிகிறது என்று திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். வரைந்தவர் செடியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார் என்பது புரியும். அந்த நூலின் பல படங்களில் மேலே முழுக் கிளையும் கீழே பிரித்து வைத்த பூவும் அறுத்த சூலகமும் விதையும் இருக்கும். சுவரில் மாட்டினால் தூரத்திலிருந்து ஒரு செடி தெரியும். கிட்டே போனால் படிக்க நிறைய இருக்கும்.

வண்ணத்துக்கு வில்லியம் ராக்ஸ்பரோவின் சோழமண்டலக் கடற்கரைத் தாவர நூலை நாடினேன். 1795இல் தொடங்கி மூன்று தொகுதிகளாக லண்டனில் வெளியானது, 300 படங்கள். அவற்றை வரைந்த இந்திய ஓவியர்களின் பெயர்கள் பதிவாகவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறாத வருத்தம். பனைக்கே அதில் இரண்டு படங்கள் உண்டு. விளா, எட்டி, புரசு எல்லாம் இருக்கின்றன. கலங்கிய தண்ணீரைத் தெளிய வைக்கக் குடத்தின் உட்புறம் தேய்ப்பார்களே, அந்தத் தேற்றாங்கொட்டை மரமும் இருக்கிறது. நான் பனையில் ஒன்றும் தேற்றாவும் எடுத்தேன். நடுவில் பெரிதாக ஒரு படம் வேண்டும் அல்லவா? 1792, 93ஆம் ஆண்டுகளில் தென்னிந்தியாவில் சுற்றிய ஆங்கிலேய ஓவியர்கள் தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் இருவரும் வரைந்த திருச்சி மலைக்கோட்டையின் காட்சி விக்கிமீடியா பொதுவகத்தில் கிடைத்தது.

இனி கணக்கு. நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும். ஏ4 தாளுக்கு 2480க்கு 3508, ஏ3 தாளுக்கு 3508க்கு 4961 புள்ளிகள் என்ற அளவில் படம் இருக்க வேண்டும். சுவரில் மாட்டி நாலடி தள்ளி நின்று பார்ப்பதற்கு 200 புள்ளிகளே போதும் என்பது என் கண் கண்டது. பழைய நூல்களை இறக்கும்போது பிடிஎஃப் கோப்பை நம்பாதீர்கள். அதில் படத்தைச் சுருக்கி வைத்திருப்பார்கள். அதே நூலின் மூலப் பக்கப் படங்கள் ‘ஜேபி2’ என்ற வடிவத்தில் தனியாகக் கிடைக்கும். கோப்பு பெரியது, ஆனால் கோடு கூர்மையாக இருக்கும். இலவச மென்பொருளான ஜிம்ப் அதைத் திறக்கும்.

பழைய தாளின் மஞ்சள் நிறத்தை என்ன செய்வது என்பதில்தான் மொத்த அழகும் இருக்கிறது. ஸ்கேனில் உள்ளபடியே அச்சிட்டால் இயந்திரம் தாள் முழுக்க மஞ்சள் புள்ளிகளைத் தூவும். ஓரத்தில் வெள்ளை விளிம்பு தெரியும். பார்த்தவுடன் ‘நகல்’ என்று சொல்லிவிடலாம். வைட்டின் படங்கள் கருப்புக் கோடுகள்தானே? ஜிம்ப்பில் நிறத்தை முழுக்க நீக்கி, ‘லெவல்ஸ்’ பகுதியில் வெளிர் முனையை உள்ளே நகர்த்தினேன். தாளின் கறை மறைந்து கோடு மட்டும் நின்றது. மெல்லிய கோடுகள் உடையத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்பே நிறுத்திவிட வேண்டும். பிறகு அதை இளமஞ்சள் சாயல் கொண்ட ஐவரி அட்டையில் சாதாரணக் கருப்பு லேசரில் அச்சிட்டேன். பழமையின் நிறத்தைத் தாளே கொடுத்துவிடுகிறது. கருப்பு அச்சு ஒன்றுக்கு 15 ரூபாய்தான். குறைந்த செலவில் சுவரை அலங்கரிக்க நினைப்பவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இதைத்தான்: கோட்டோவியங்களைத் தேர்ந்தெடுங்கள். வண்ணப் படத்தில் அச்சகத்தின் இயந்திரம் சிவப்பைக் கூட்டுமா, பச்சையைக் குறைக்குமா என்று காத்திருக்க வேண்டும். கோட்டோவியத்தில் அந்தக் கவலை இல்லை.

அச்சகத்தில் எல்லோரும் “வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்” என்பார்கள். படமாக அனுப்பினால் அது சுருங்கிப்போகும். ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்புங்கள், அல்லது பென் டிரைவில் கொண்டு போங்கள். அளவை நீங்களே சரிசெய்து பிடிஎஃப் ஆக்கி, ‘தாளுக்கு ஏற்பப் பொருத்த வேண்டாம், அசல் அளவிலேயே வேண்டும்’ என்று சொல்லிவிடுங்கள். நம் ஊர் டிஜிட்டல் அச்சகங்களில் 12க்கு 18 அங்குலம் சகஜம். ஏ3 அதைவிடச் சற்றுச் சிறியது, நீள அகல விகிதமும் வேறு. வெட்டவேண்டிய இடத்தைக் கடைக்காரர் தீர்மானிக்கும்படி விட்டால் ஓவியர் பெயர் உள்ள அந்தக் கீழ்மூலைதான் முதலில் போகும்.

செலவு முழுக்கச் சட்டத்தில்தான். மலைக்கோட்டைப் பக்கத்துக் கடைத்தெருவில் சாமி படங்களுக்குச் சட்டம் போடும் ஒரு பாயிடம் போனேன். பெரிய வேலைகளில் வெட்டி மிஞ்சிய பீடிங் (சட்டம் செய்யும் பட்டை) துண்டுகள் மூலையில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன.

“பாய், இந்த மிச்சத்தில் ஆறு சின்னச் சட்டம் வருமா?”

“வரும் அம்மா. ஆனால் எல்லாம் ஒரே கருப்பாக இருக்காது, ரெண்டு கொஞ்சம் பழுப்பு அடிக்கும்.”

அதுவே நன்றாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் 200 ரூபாய் கேட்டார். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே சுற்றிலும் வரும் அட்டையை அவர்கள் மவுண்ட் என்கிறார்கள். அதை விட்டுவிடலாமா என்று கேட்டதற்கு அவர் ஒரு பழைய படத்தைப் பிரித்துக் காட்டினார். மழைக்கால ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, இழுத்தபோது முகத்தின் பாதி கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. மவுண்ட் அழகுக்கு மட்டுமல்ல என்று அப்போது புரிந்தது. பின்பக்க அட்டையின் விளிம்பு முழுவதையும் காகித டேப்பால் மூடச் சொன்னேன், வெள்ளிப்பூச்சி நுழையாமல் இருக்க. ஒவ்வொரு சட்டத்தின் பின்னும் கீழ் மூலைகளில் சின்னத் தக்கைத் துண்டு ஒட்டினேன். சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்று போய்வரும்.

வீட்டு உரிமையாளர் அம்மா புதிதாக ஆணி அடிக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லியிருந்தார். ஒட்டுக் கொக்கிகள் டிஸ்டெம்பர் அடித்த சுவரில் நிற்பதில்லை. பெயிண்டையும் சேர்த்துக்கொண்டு விழும். ஏற்கனவே இருந்த இரண்டு ஆணிகளையும் திருகாணிகளாக மாற்றிக்கொள்ள அனுமதி கேட்டேன். “அதே ஓட்டையில் என்றால் சரி” என்றார். அவற்றில் ஒரு நீண்ட மர ரீப்பரைப் பொருத்தி, அதிலிருந்து தூண்டில் நரம்பில் எல்லாச் சட்டங்களையும் தொங்கவிட்டேன். அடுத்த வீட்டுக்குப் போகும்போது அப்படியே கழற்றிக்கொண்டு போகலாம்.

மாட்டுவதற்கு முன் சட்டங்களின் அளவுக்குப் பழைய செய்தித்தாளை வெட்டிச் சுவரில் ஒட்டி, சில நாள் அப்படியே விட்டுவைத்தேன். எந்த இடத்தில் கூட்டம், எந்த இடத்தில் வெறுமை என்பது நடமாடும்போதுதான் தெரிகிறது. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 அங்குலத்தில் இருக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். எங்கள் கூடத்தில் பாய் விரித்துத் தரையில் உட்காரும் நேரமே அதிகம் என்பதால் வைட்டின் ஆறு படங்களையும் இன்னும் அரையடி இறக்கிவிட்டேன்.

செலவு விவரம்: அச்சுக்கு 250, ஆறு சின்னச் சட்டங்களுக்கு 1,200, இரண்டு ஏ3 சட்டங்களுக்கு 840, மலைக்கோட்டைக்கு 500, ரீப்பரும் நரம்பும் திருகாணியும் 200. மொத்தம் 2,990 ரூபாய்.

ஒவ்வொரு சட்டத்தின் கீழும் செடியின் தமிழ்ப் பெயர், வரைந்தவர் பெயர், ஆண்டு மூன்றையும் சிறிய துண்டுத் தாளில் எழுதி ஒட்டியிருக்கிறேன். பெயர் பதிவாகாத இடத்தில் ‘இந்திய ஓவியர்’ என்று எழுதினேன். வீட்டுக்கு வருபவர்கள் இப்போது ரங்கையா யார் என்று கேட்கிறார்கள்.

படுக்கையறைக்கு வைட்டின் இன்னொரு நூலான ‘ஸ்பிசிலீஜியம் நீல்கெர்ரென்ஸ்’ பார்த்துக்கொண்டிருக்கிறேன். 1846 முதல் 1851 வரை வெளியான நீலகிரித் தாவரங்கள், வண்ணப் படங்கள். அந்த அறையில் மேற்கு வெயில் நேராக விழுவதால் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரை விட்டுவிட்டுப் பக்கச் சுவருக்கே அளவெடுத்திருக்கிறேன்.