மரத்தை அளக்கும் முன் கருவியை அளப்பது

ஆனைமலைப் பக்கம் தேக்குத் தோட்டங்களில் அளவெடுக்க ஆட்கள் கிளம்பும் முன் கருவிப் பெட்டியைச் சரிபார்த்துக் கொடுப்பது என் பொறுப்பு. உள்ளே மர உயரம் எடுக்கக் கோணம் காட்டும் சில சூண்டோ கிளினோமீட்டர்கள், பிம்பத்தை விலக்கிக் காட்டும் கண்ணாடித் துண்டான ப்ரிஸம், டேப் அவ்வளவுதான். விழுந்து உடையாதவரை சரியாகத்தான் காட்டும் என்று எல்லோரும் நம்பும் பொருட்கள்.

கிளினோமீட்டரைச் சோதிக்க லேப் வேண்டாம். சரிவில் இரண்டு கம்புகளைத் தள்ளித் தள்ளி நட்டு, இரண்டிலும் என் கண் உயரத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவேன். கீழிருந்து மேல் கோட்டைப் பார்த்தால் +5 டிகிரி என்றால், மேலிருந்து பார்க்கும்போது −5 வர வேண்டும். +6, −4 என்று வந்தால் கருவி 1 டிகிரி கூட்டிக் காட்டுகிறது. 20 மீட்டர் தள்ளி நின்று 45 டிகிரியில் உச்சியைப் பார்ப்பவருக்கு இது சுமார் 70 செ.மீ. கூடுதல். ஆனால் அடிமரத்தையும் அதே கருவியால் பார்த்து, இரண்டையும் கூட்டித்தானே உயரம் எடுக்கிறோம்? அங்கே ஏறக்குறைய 35 செ.மீ. குறைந்து, பாதித் தவறு தானாகவே கழிந்துவிடும். தூரத்தில் செய்யும் தவறு அப்படிக் கழியாது. 15 டிகிரி சரிவில் டேப்பைத் தரையோடு இழுத்து 20 மீட்டர் என்று எழுதினால், உண்மையான கிடைத்தூரம் 19.3 மீட்டர்தான். கருவியைக் குறை சொல்பவர்கள் டேப் பிடித்தவரை ஏனோ கேட்பதில்லை.

இன்னொன்று கண். இரண்டு கண்ணையும் திறந்துவைத்து, ஒன்றால் கருவிக்குள் இருக்கும் கோட்டையும் மற்றதால் மரத்தையும் பார்க்க வேண்டும். சிலருக்கு இரு கண்களின் பார்வையும் ஒரே நேர்கோட்டில் போவதில்லை. மரம் பார்க்கும் கண்ணை மூடியதும் கோடு குதித்தால் அவருடைய அளவு தவறும். அதனால் கருவியை மட்டும் சோதித்து அனுப்புவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எடுத்துப் போகிறவரையே கம்புக்கு எதிரில் நிற்க வைப்பேன். சீனியர் ஃபாரஸ்டர்களுக்கு இது பிடிக்காது. “என்ன சார், எங்களுக்கே பரீட்சையா?” என்பார்கள். ஆமாம், பரீட்சைதான்.

ப்ரிஸம் வேலை சுலபம். ஆஸ்திரியாவின் வால்டர் பிட்டர்லிஷ் 1948-இல் முன்வைத்த கோண எண்ணிக்கை முறைக்கானது அது: நின்ற இடத்திலிருந்து சுற்றிப் பார்த்து, விலகிய பிம்பம் அடிமரத்தை விட்டுப் பிரியாத மரங்களை எண்ணி, ப்ரிஸத்தின் காரணியால் பெருக்கினால், ஒரு ஹெக்டேரில் உள்ள அடிமரங்களின் மொத்தக் குறுக்குப் பரப்பு (அடிப்பரப்பு) சதுர மீட்டரில் கிடைக்கும். காரணி 1 என்றால், 20 செ.மீ. அகலப் பலகையின் விலகிய பிம்பம் 10 மீட்டரில் பலகையின் விளிம்பைச் சரியாகத் தொட வேண்டும். 10.2 மீட்டரில் தொட்டால் உண்மைக் காரணி 0.96. தூரத்தில் 2 சதவீதம், அடிப்பரப்பில் 4 சதவீதம்! அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, உண்மைக் காரணியை எழுதி ஒட்டினால் போதும்.

அப்புறம் தூரம் அளக்கும் லேசர் கருவி வந்தது. இனி சோதனையே வேண்டாம் என்றார்கள். டேப் இழுத்த தூரத்துக்கு அது ஒத்துப்போகத்தான் செய்தது. ஆனால் நடுவில் ஒரு புதர் இலை நீட்டிக்கொண்டிருந்தால் அந்த இலையின் தூரத்தைத்தான் காட்டும். கருவி கெட்டுவிட்டது என்று சீட்டு எழுதி, அதைத் திருப்பி அனுப்பியவர்களும் உண்டு.