முறை போயிடுமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அரசு கிளினிக் ஒன்றில் மருத்துவ உதவியாளராக இருந்தபோது, காத்திருக்கும் கூடத்தைச் சுற்றிவராமல் ஒரு காலையும் நான் வேலையைத் தொடங்கியதில்லை.

எல்பில், டோவன்பி, சங்காட் சாலாக் தோட்டங்கள் பக்கமிருந்து பெரியவர்கள் கேட் திறக்கும் முன்பே வந்துவிடுவார்கள். மைசெஜாத்ரா கைப்பேசிச் செயலியில் பத்து மணிக்கு நேரம் கிடைத்திருக்கும். ஆனால் மகனுடைய மோட்டார் ஆறரைக்கே கிளம்பிவிடுமே! கையில் நம்பர் சீட்டு. உட்கார்ந்தால் நகரமாட்டார்கள். தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில் (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும்போது) பேர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அன்றைய கூலி போச்சு என்று பழகிய உடம்பு அது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசரும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார். இங்கே மணி அடித்துத் திரையில் எண் மாறுகிறது. அது தன்னைத்தான் கூப்பிடுகிறது என்பது சிலருக்கு மனசில் ஏறுவதே இல்லை.

இனிப்பு நீர்க்காரர்கள், அதாவது நீரிழிவு உள்ளவர்கள், வரும் நாள்தான் எனக்குக் கவலை. ரத்தப் பரிசோதனைக்கு எட்டு மணி நேரமாவது வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும். ரத்தம் எடுத்ததும் பசியாறலாம். ஆனால் கேன்டீன் பக்கம் போனால் முறை போய்விடும் என்று பயம். கழிவறைக்குக்கூடப் போகாமல் அடக்கிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு பெரியம்மா. ரத்தம் எடுத்து வெகுநேரமாகியும் கைக்குட்டையில் முடிந்த பிஸ்கட் மடியிலேயே இருந்தது. நெற்றியெல்லாம் வேர்வை, சீட்டைப் பிடித்த விரல்கள் நடுங்கின. விரலில் குத்திப் பார்த்தால் ரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 3.4 மில்லிமோல். நாலுக்குக் கீழே போனாலே உடனே சர்க்கரை கொடுத்தாக வேண்டும். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்தோம். ஏறியிருந்தது. சாப்பிடாமல் வருகிற அன்று காலை இனிப்பு நீர் மாத்திரையைப் போடக் கூடாது. அவரோ வழக்கம்போல் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

“ஏன் பெரியம்மா, பிஸ்கட்டச் சாப்பிட்டிருக்கலாமே?”

“இங்க சாப்பிடக் கூடாதுன்னு படம் ஒட்டியிருக்கே தம்பி. வெளிய போனா, அந்த நேரம் பார்த்துக் கூப்பிட்டுட்டா?”

படிப்பறிவு இல்லாததால் வந்த வினை என்று சிலர் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. சொன்னபடி கேட்டவர் அவர். எழுந்து போனாலும் இடம் இருக்கும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். புதுக் கூடங்களில் குளிரூட்டி, தொலைக்காட்சி எல்லாம் வருகின்றன, நல்லதுதான். முறையைக் காத்துவைக்க ஓர் ஆளும் வேண்டும்.

அதற்குப் பிறகு ரத்தம் எடுத்தவர்களிடம் நானே போய், “பசியாறிட்டீங்களா? சீட்டை எங்கிட்ட கொடுங்க, உங்க முறைய நான் பார்த்துக்கிறேன்” என்று வாங்கி வைத்துக்கொள்வேன். மிசிமார்களும் (தாதியரும்) அப்படியே செய்யத் தொடங்கினார்கள். பலர் தெம்பாகக் கிளம்பிப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். அப்போதும் சிலர், “பரவால தம்பி, பொறவு சாப்பிட்டுக்கிறேன்” என்பார்கள். அவர்களை உட்கார்ந்த இடத்திலேயே சாப்பிடச் சொல்லிவிடுவேன், சுவரில் எந்தப் படம் ஒட்டியிருந்தாலும்.