பாலிலிருந்து ஒரு பொத்தான்

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் அக்காள் மகள், அயனி என்றால் மின்சுமை கொண்ட அணு அல்லது அணுத்தொகுதி என்பதைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்துவிட்டாள். ஆனால் அது எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது என்று கேட்டால் அவளிடம் பதில் இல்லை. அதனால் சென்ற வாரம் இருவரும் அடுக்களையில் பாலைத் திரித்துப் பொத்தான் செய்து பார்த்தோம். முதல் முறை கொழுப்பு நிறைந்த பாலை எடுத்தது என் தவறு: கட்டி எண்ணெய்ப் பிசுக்குடன் உதிர்ந்து போனது. இரண்டாம் முறை கொழுப்பு நீக்கிய பாலை ஆவி பறக்கச் சூடாக்கி வினிகர் விட்டோம். கரண்டியால் இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள் வெண்ணிறம் முழுவதும் ஒரு பக்கம் திரண்டுகொள்ள, இளம்பச்சை கலந்த தெளிந்த நீர் தனியே நின்றது. கட்டியைத் துணியில் பிழிந்து, பிசைந்து, வில்லைகளாகத் தட்டி, ஊசியால் துளையிட்டு நிழலில் காய வைத்தோம். நான்காம் நாள் அவை தரையில் போட்டால் 'டக்'கென்று ஒலிக்கும் அளவுக்கு இறுகியிருந்தன.

இதற்குள் நடந்தது முழுவதும் மின்சுமையின் கதை. பாலில் உள்ள புரதத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு கேசீன். அமினோ அமிலங்கள் ஒன்றோடொன்று கோத்த நீண்ட சங்கிலி அது. அதாவது, இயற்கை தானே செய்து வைத்திருக்கும் ஒரு பலபடி. ஆயிரக்கணக்கான கேசீன் சங்கிலிகள் கால்சியம் பாஸ்பேட்டுடன் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளாகப் பாலில் மிதக்கின்றன. உருண்டைகளின் மேற்பரப்பில் எதிர்மின்சுமை இருப்பதால் அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஒட்டாமல் நிற்கின்றன. வினிகரிலுள்ள அமிலம் ஹைட்ரஜன் அயனிகளைத் தருகிறது. நேர்மின்சுமை கொண்ட அவை அந்த எதிர்மின்சுமையைச் சமன் செய்துவிடுகின்றன. அமிலத்தன்மை கூடக் கூடக் குறையும் அளவான பி.எச். மதிப்பு, பாலில் ஏறத்தாழ 6.7 ஆக இருந்து 4.6-ஐ நெருங்கும்போது தள்ளுவதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை, கேசீன் திரண்டுவிடுகிறது. தயிர் உறையும்போதும் இதே கணக்குதான் நடக்கிறது. அங்கே அமிலத்தை நுண்ணுயிர்கள் தருகின்றன.

ஆனால் எங்கள் பொத்தான் ஒரு சோதனையில் தோற்றது. ஒரு இரவு தண்ணீரில் போட்டு வைத்ததும் ஊறி, ஓரம் குழைந்து, மீண்டும் பாலாடைக்கட்டி போலாகிவிட்டது. துவைக்கும் சட்டையில் இதைத் தைக்க முடியாது. ஜெர்மனியின் ஹனோவர் நகரில் அச்சகம் நடத்திய வில்ஹெல்ம் கிரிஷே என்பவரும் இதே இடத்தில்தான் தடுமாறினார். பள்ளிகளுக்குக் கற்பலகைக்குப் பதிலாகக் கழுவக்கூடிய வெள்ளைப் பலகை செய்ய விரும்பி, அவர் கேசீனை எடுத்துக்கொண்டார். வேதியியலாளர் அடால்ஃப் ஸ்பிட்டலரோடு சேர்ந்து, கேசீனை ஃபார்மால்டிஹைடு கரைசலில் ஊற வைத்தால் அது தண்ணீருக்கு இளகாத பொருளாகிறது என்பதைப் பயன்படுத்தி, 1897-இல் காப்புரிமை பெற்றார்கள். பால், கல் என்னும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அதற்குக் காலலித் என்று பெயர் வந்தது. ஃபார்மால்டிஹைடு செய்வது எளிமையானது: பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகளின் அமினோ தொகுதிகளுக்கு இடையே ஒரு சிறு பாலம் போடுகிறது. பாலங்கள் கூடக் கூடச் சங்கிலிகள் நழுவ முடியாமல் கட்டுண்டு போகின்றன. கரைசல் உள்ளே ஊடுருவுவது மிக மெதுவாக நடப்பதால், தடித்த பலகைகள் தொட்டியில் மாதக்கணக்கில் கிடக்க வேண்டியிருந்தது. (ஃபார்மலின் எனப்படும் அந்த ஃபார்மால்டிஹைடு கரைசல் நஞ்சு, இந்தப் பகுதியை வீட்டில் யாரும் முயலக் கூடாது.)

எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் இதற்கு அடுத்தது. காலலித் ஆலைகள் எங்களைப் போல அமிலம் விட்டுத் திரித்த கேசீனை விரும்பவில்லை. அமிலம் கால்சியம் பாஸ்பேட்டைக் கரைத்து, கால்சியம் அயனிகளை அந்தத் தெளிந்த நீரோடு அனுப்பிவிடுகிறது. மாறாக, கன்றின் இரைப்பையில் சுரக்கும் ரென்னெட் என்னும் நொதி, உருண்டைகளின் மேலுள்ள எதிர்மின்சுமைத் தோகையை மட்டும் வெட்டி எறிகிறது. இரட்டை நேர்மின்சுமை கொண்ட கால்சியம் அயனிகள் உள்ளேயே தங்கி, ஒரு சங்கிலியை ஒரு கையாலும் மற்றொன்றை மறு கையாலும் பிடித்துக்கொள்கின்றன. வெப்பத்திலும் அழுத்தத்திலும் நன்றாக இளகிப் படியும் கேசீன் அதுதான். அயனியைப் பற்றிய பாடமும் பலபடியைப் பற்றிய பாடமும் புத்தகத்தில் வெவ்வேறு இயல்களில் கிடப்பதால் மாணவர்கள் இழப்பது இந்த இணைப்பைத்தான் என்று நான் உறுதியாக எண்ணுகிறேன்.

பொத்தான், சீப்பு, பின்னல் ஊசி, மையூற்றுப் பேனா எனக் காலலித் பல வடிவங்களில் ஐரோப்பா முழுவதும் பரவியது. ஈரத்தை உறிஞ்சும் குணத்தால் மின்காப்புப் பொருளாக அது எடுபடவில்லை. வேதியியலாளர் லியோ பேக்லண்ட் 1907-இல் ஃபீனாலையும் ஃபார்மால்டிஹைடையும் கொண்டு உருவாக்கிய பேக்கலைட் என்னும் நெகிழி அந்த இடத்தைப் பிடித்தது. இந்த இரண்டையும் செய்தவர்கள் நீண்ட சங்கிலி மூலக்கூறு என்ற கருத்தே நிலைபெறாத காலத்தில் வேலை செய்தார்கள். ஜெர்மன் வேதியியலாளர் ஹெர்மன் ஸ்டாடிங்கர் அதை எழுதியது 1920-இல். பல வேதியியலாளர்கள் ஏற்க மறுத்த அந்தக் கருத்துக்கு நோபல் பரிசு வந்தது 1953-இல்.

ஊறிக் குழைந்த பொத்தானைக் கையில் வைத்துக்கொண்டு அவள் கேட்ட கேள்வி, "சித்தி, அப்ப கால்சியம் எல்லாம் அந்தத் தண்ணியிலயா போச்சு?" என்பதுதான். ஆம் என்றேன். அடுத்த முறை அந்தத் தண்ணீரை எடுத்து வைத்துச் சலவைச் சோடாக் கரைசலை விட்டுப் பார்க்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். கால்சியம் இருந்தால் அது வெண்மையாகக் கலங்க வேண்டும்.