ஏழாவது கார்பன்

நான் முதன்முதலில் வாங்கிய மூலக்கூறு மாடல் கிட்டின் பெட்டியில் இருநூறுக்கும் மேற்பட்ட துண்டுகள் என்று பெரிதாகப் போட்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் வாங்கினேன். வகுப்பில் பிரித்து மேசையில் கொட்டியபோதுதான் விஷயம் தெரிந்தது. முக்கால்வாசி பிணைப்புக் குச்சிகளும் வெள்ளை ஹைட்ரஜன் உருண்டைகளும். கறுப்பு உருண்டை பன்னிரண்டு. அதிலும் ஆறில் மூன்றே துளைகள். பென்சீன் மாதிரி தட்டையான மூலக்கூறுகளுக்கானவை. நான்கு துளை உள்ள கார்பன் மீதி ஆறுதான்.

அன்றைய பாடம் மெத்தில் சைக்ளோஹெக்சேன்: ஆறு கார்பன் வளையம், அதில் ஒட்டிய ஒரு மெத்தில் (ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன்). வளையத்துக்கே ஆறும் போய்விட்டது. மெத்திலுக்கு ஏழாவது கார்பன் இல்லை. சரி, போகட்டும் என்று குளோரினுக்கான பச்சை உருண்டை ஒன்றைச் செருகி, "இதை மெத்தில்னு நினைச்சுக்கோங்க" என்றேன். அடுத்த வாரத் தேர்வில் நான்கு பேர் குளோரோ சைக்ளோஹெக்சேன் வரைந்திருந்தார்கள். மதிப்பெண்ணைக் குறைக்க எனக்கு மனசு வரவில்லை.

அதனால் யாராவது கிட் வாங்க யோசனை கேட்டால், மொத்தத் துண்டுகளை விட்டுவிட்டு நான்கு துளைக் கார்பனை எண்ணச் சொல்கிறேன். ஒரு குளுக்கோஸ் செய்ய 6 கார்பன், 12 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன் போதும். ஆனால் புதிதாகப் படிப்பவருக்குச் சிக்கலாக இருக்கும் பாதி விஷயங்கள் இரண்டு மாடல்களைப் பக்கத்தில் வைத்தால்தான் பிடிபடும். அந்த ஆறு கார்பன் வளையம் தட்டையாக இருக்காது, நாற்காலி போல மடங்கி நிற்கும். மெத்தில் நிமிர்ந்து நிற்கும் நாற்காலி ஒன்று, மெத்தில் பக்கவாட்டில் நீட்டியிருக்கும் நாற்காலி ஒன்று: மொத்தம் 14 கார்பன், 28 ஹைட்ரஜன். நிமிர்ந்த மெத்திலை விரலால் மெதுவாகச் சுற்றினால், வளையத்தின் அதே பக்கம் நிமிர்ந்திருக்கும் இரண்டு ஹைட்ரஜன்களை அது எப்படி நெருக்குகிறது என்று கண்ணுக்கே தெரியும். மற்ற நாற்காலியில் அந்த நெரிசல் இல்லை. இதைக் கரும்பலகையில் விளக்கி நான் தொண்டையைக் கெடுத்துக்கொண்ட வருடங்கள் உண்டு.

அடுத்து குச்சி. கடையிலோ நண்பரிடமோ திறந்த பெட்டி கிடைத்தால் இரண்டு கார்பனை ஒரே குச்சியால் இணைத்து ஈத்தேன் ஒன்று செய்து பாருங்கள். நடுக் குச்சியைப் பிடித்துத் திருப்பினால் லேசான பிடிப்போடு திரும்ப வேண்டும், விட்ட இடத்தில் நிற்கவும் வேண்டும். தொளதொளவென்று சுற்றினால் நாற்காலி வடிவம் ஐந்து நிமிடத்தில் படுத்துவிடும். கழற்றவே முடியாத அளவுக்கு இறுக்கமாக இருந்தாலும் வம்புதான். நகம் பெயர்ந்த மாணவி ஒருத்தி அதற்குப் பிறகு அந்தப் பெட்டியைத் தொடவே இல்லை.

இரட்டைப் பிணைப்புக்கு வளையும் நீளக் குச்சிகள் இரண்டிரண்டாகப் போட வேண்டும். அவை போதுமான அளவு இருக்கின்றனவா என்று பாருங்கள். எத்திலீன் செய்து கையில் கொடுத்து "திருப்பு பார்க்கலாம்" என்றால் திரும்பாது. இரட்டைப் பிணைப்பின் ஒரே பக்கம் தொகுதிகள் நிற்கும் சிஸ், எதிரெதிர்ப் பக்கம் நிற்கும் டிரான்ஸ் ஏன் இரு வேறு பொருள்கள் என்பதற்கு அப்புறம் விளக்கமே தேவையில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும்: வளையும் குச்சி நீளமானது என்பதால் இரட்டைப் பிணைப்பு நீளம் என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள். உண்மையில் ஒற்றைப் பிணைப்பு 154 பிக்கோமீட்டர், இரட்டை 134தான்.

நிறங்களைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம், பெரும்பாலும் வழக்கமான நிறங்களே வரும். கார்பன் கறுப்பு, ஆக்சிஜன் சிவப்பு, நைட்ரஜன் நீலம், குளோரின் பச்சை. 1865இல் வேதியியலாளர் ஹோஃப்மன் லண்டனில் குரோக்கே விளையாட்டுப் பந்துகளைச் செருகிக் காட்டிய விரிவுரையிலிருந்தே ஏறத்தாழ இதே நிறங்கள்தான். பாவம், அவருடைய மீத்தேன் தட்டையாக இருந்தது. கார்பனின் நான்கு பிணைப்புகளும் ஒரு நான்முகியின் மூலைகளை நோக்கி நிற்கும் என்று வேதியியலாளர் வான்ட் ஹோஃப் சொன்னது 1874இல். என் வகுப்பில் சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத பையன் ஒருவன் இருந்தான். துளையை எண்ணு, இரண்டு இருந்தால் ஆக்சிஜன், ஒன்று இருந்தால் குளோரின் என்று அவனே வழி கண்டுபிடித்தான். துளை சரியாக இருக்கும் கிட்டுக்கு இது இன்னொரு லாபம்.

அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கொழுகொழுவென்று இருக்கும் வகையும் உண்டு. அணுவின் அளவு அதில் நன்றாகத் தெரியும், பிணைப்பு தெரியாது. முதல் கிட்டாக அது வேண்டாம்.

இப்போது என்னிடம் இருப்பதில் நான்கு துளைக் கார்பன் பதினாறு. உதிரி ஹைட்ரஜன் தனியாகக் கிடைக்கும் வகையாகப் பார்த்து எடுத்தேன். வாங்கும்போது முப்பது இருந்தன. நேற்று எண்ணினேன், இருபத்தாறு. பெஞ்சுக்கு அடியில் குனிந்து தேடியதில் ஒன்று கிடைத்தது.